கற்றதோடு திரும்பி வாருங்கள்



கட்டடக்கலைப் பட்டம் பெறும் இளைஞர்களே, உங்கள் ஐந்து ஆண்டுப் படிப்பு இன்றோடு நிறைவடைகிறது. கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொண்டால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை கிடைத்துவிடும். விழா தொடங்கும் முன் உங்களில் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். எங்கெல்லாம் போய்ப் பார்க்கலாம், எந்த மாதிரி வடிவமைப்பில் இறங்கலாம், முதல் சில ஆண்டுகளை எப்படி ஓட்டுவது என்று கேட்டீர்கள். மூன்றுமே நியாயமான கேள்விகள். இந்த விருதுநகர் மாவட்டத்து மண்ணில் நின்றுகொண்டே அவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

பட்டம் வாங்கியதும் பயணம் போவது நம் தொழிலின் மரபு. லெ கொர்புசியே 1911இல் கையில் ஒரு ஸ்கெட்ச் நோட்டோடு இஸ்தான்புல்லையும் ஏதென்ஸையும் சுற்றிப் பார்த்தார். 1951இல் நம் நாட்டு பாலகிருஷ்ண தோஷி அதே கொர்புசியேயிடம் வேலை கற்கப் பாரிஸ் போனார். 2018இல் கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

இவர்களைப் பற்றி வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். உங்கள் ஊரிலிருந்தே புறப்பட்ட ஒரு பயணமும் இருக்கிறது. 1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போனார்கள். மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துப்போகும் கந்தக பூமி இது. கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கைப்படக் கற்றுக்கொண்டு மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது, அதன் பின்னால் பட்டாசு வந்தது, அச்சகங்கள் வந்தன. இந்த மாவட்டத்தின் தலையெழுத்தையே மாற்றிய பயணம் அது. எத்தனை ஊர் பார்த்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கற்றதோடு திரும்பி வந்தார்கள் என்பதைத்தான் நூறு ஆண்டு கழித்தும் பேசுகிறோம்.

அவர்கள் தொழிலைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொழில் செய்பவர்கள் உயிரோடு வீடு திரும்பும்படியான கட்டடத்தைக் கொண்டுவருவது உங்கள் தலைமுறையின் வேலை. இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்.

பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறை ஒன்றை உங்களில் எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி இருக்கும். நான்கு புறமும் வாசல். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும். ஏதாவது நடந்தால் யாரும் யாரையும் தாண்டிப் போக வேண்டியதில்லை. அவரவருக்கு எதிரே ஒரு வழி இருக்கும். தரையில் ரப்பர் விரிப்பு. வாசலில் ஒரு செம்புத் தகடு. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். இரும்புச் சாமான் கிடையாது. நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. ஓர் அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குத் தாவாதபடி நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். மருந்துக் கலவையை வெயில் ஏறுவதற்கு முன், காலையிலேயே முடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு கதவும் ஓர் உயிரைக் கணக்கில் வைத்து எழுப்பப்பட்ட கட்டடம் அது. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களை வடிவமைப்பவர்களுக்குக்கூட இவ்வளவு கண்டிப்பான கணக்கு இல்லை. ஆனாலும் விபத்துகள் நடக்கின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவில் இறந்தார்கள். காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். அந்த நாளை இந்த மண்டபத்தில் இருக்கும் பல குடும்பங்கள் மறந்திருக்க மாட்டா.

விதிமீறல் என்று ஒரு வார்த்தையில் இதை முடித்துவிடலாம். அதிகாரிகள் அப்படி முடிக்கட்டும், நீதிமன்றம் அப்படி முடிக்கட்டும். நீங்கள் ஆர்க்கிடெக்ட், அடுத்த கேள்வியையும் நீங்கள் கேட்டாக வேண்டும். நான்கு பேருக்கான அறையில் எப்படி அதிகம் பேர் சேர்கிறார்கள்? அறைக்குள் நடக்க வேண்டிய வேலை ஏன் மரத்தடிக்குப் போகிறது? மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள், பதிலில் பாதி கிடைத்துவிடும். கூரை சுடுகிறது, காற்று இல்லை. வேலை செய்பவர் நிழலைத் தேடிப் போகிறார். தீபாவளி நெருங்கும்போது சரக்கு குவிகிறது. காயவைக்கும் மேடை போதவில்லை. முடித்த சரக்கு நடைபாதைக்கு வந்துவிடுகிறது. வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். மனிதர் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளைக் கழிக்கும் விதத்தை வரைபடம் கணக்கில் எடுத்திருக்காது. அந்த இடைவெளியில்தான் நம் தொழிலே இருக்கிறது. குளிர்ச்சியான, வெளிச்சமான, உட்கார்ந்து வேலை செய்யப் பிடிக்கிற ஒரு மருந்து அறையை வடிவமைத்துக் காட்டுங்கள். மரத்தடிக்குப் போக வேண்டிய தேவை குறையும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பயணத் திட்டம் போடுங்கள். ஐரோப்பா போகும் வாய்ப்பு வந்தால் நெதர்லாந்தில் என்ஸ்கெடே என்ற நகரத்துக்குப் போங்கள். 2000 மே 13 அன்று, குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டாசுக் கிடங்கு அங்கே வெடித்தது. 23 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தீயணைப்பு வீரர்கள். 900க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ரோம்பேக் என்ற அந்தப் பகுதியில் சுமார் 400 வீடுகள் அழிந்தன. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். பீ டே பிரைன் என்ற ஆர்க்கிடெக்ட்டின் திட்டத்தில், அங்கே வாழ்ந்த மக்களையே கூப்பிட்டுக் கேட்டு அந்தப் பகுதியை மறுபடி கட்டினார்கள். பலர் தங்களுக்குப் பிடித்த ஆர்க்கிடெக்ட்டை வைத்துத் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பட்டாசு விபத்துக்குப் பின் ஓர் ஊர் எப்படி எழுந்து நிற்கிறது என்பதைச் சிவகாசிப் பிள்ளைகளைவிட அக்கறையோடு யார் படிக்கப்போகிறார்கள்?

எல்லோராலும் உடனே வெளிநாடு போக முடியாது என்பது எனக்குத் தெரியும். அதற்காக ஏங்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு ராத்திரிப் பயணத்தில் போய்ச் சேரும் தூரத்திலேயே பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நாகாஷிமாவும் முன்னின்று, 1937இல் வேலை தொடங்கிய கட்டடம். சுவர் இருக்க வேண்டிய இடத்தில், திருப்பிக்கொள்ளும்படியான நீண்ட பலகைகள் வரிசையாக இருக்கும். வெயிலை வெளியே நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். மேல்தளத்துக்கும் அதன் மேல் கவிந்திருக்கும் வளைவான கான்கிரீட் ஓடுகளுக்கும் நடுவே காற்று ஓடும். ஏசி இல்லாமல் ஒரு கான்கிரீட் கட்டடம் எப்படிக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதற்கு இந்த நாட்டில் அதைவிட நல்ல பாடம் இல்லை. சுடுகிற கூரைகளின் ஊரிலிருந்து போகும் நீங்கள், அந்த மேல்தளத்தை அளந்து வரைந்துகொண்டு வாருங்கள்.

விருதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்குங்கள். அங்கே உள்ளூர் என்ற பகுதியில், லாரி பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார்; செங்கல்லில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம், சூடும் குறைவு. தளத்தில் கம்பிகளுக்கு இடையே பழைய ஓடுகளை வைத்து கான்கிரீட்டைக் குறைத்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அந்த இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதை பேக்கர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல், 1960களின் தொடக்கத்திலிருந்தே ஆர்.ஆர். நகரில் சிமெண்ட் ஆலை என்று இருக்கிற மாவட்டம் உங்களுடையது. உங்கள் ஐந்து மைலுக்குள் என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்களா?

கடல் தாண்டும் வாய்ப்பு வந்தால் கண்டி. 1918இல் அங்கே பிறந்த மின்னெட் டி சில்வா, இலங்கையின் பெண் ஆர்க்கிடெக்ட்டுகளில் முன்னோடி. 1950களில் வட்டபுலுவ என்ற குடியிருப்பை வடிவமைத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்வீர்கள் என்று கேட்டுத்தான் கோடு போட்டார். இன்று பட்டம் வாங்குகிற பெண் பிள்ளைகள் அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவர் முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் மாவட்டத்தையே அளந்துவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரத்தின் கீழே நின்று, கல் எங்கே முடிகிறது, செங்கல்லும் சுதையும் எங்கே தொடங்குகின்றன என்று பாருங்கள். வைப்பாற்றுக் கரையில் வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீட்டுக்குள் போய் நில்லுங்கள். மாநிலத்தை ஒன்பது ஆண்டு ஆண்டவருடைய வீட்டின் அகலம் எவ்வளவு என்று டேப் பிடித்து உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணையும் படியுங்கள். கோடையில் கரிசல் வெடித்துப் பிளப்பதையும், மழைக்கு ஊதிப் பெருப்பதையும் சிறு வயதிலிருந்தே பார்க்கிறீர்கள். அந்த மண்ணில் ஆழம் போதாத அஸ்திவாரம் போட்ட வீடு இரண்டு மழைக்குள் மூலைவாட்டில் விரிசல் விடும். இதற்கென்றே ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தை உருவாக்கியிருக்கிறது. எளிய மனிதரின் வீட்டுக்கும் எட்டுகிற செலவில் அதைச் செய்துகாட்டுவது நல்ல ஆராய்ச்சி, நாளையே தொடங்கலாம்.

அடுத்து, அன்றாட வாழ்க்கை. முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். உங்களோடு படித்து கம்ப்யூட்டர் பக்கம் போனவர் கார் வாங்கும்போது நீங்கள் பஸ்ஸில் சைட்டுக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். பெற்றோர்களே, இந்தத் தொழில் மெதுவாகக் காய்க்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளே, அந்த ஆண்டுகளைக் கணினித் திரைக்கு முன்னால் மட்டும் கழித்துவிடாதீர்கள். காலை ஏழு மணிக்கு சைட்டில் இருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் கையில் வாங்கி வைத்துப் பாருங்கள். தளம் போட்ட மறுநாள் ஒழுங்காகத் தண்ணீர் நிற்கிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள். முப்பது ஆண்டு கரண்டி பிடித்த கைக்குத் தெரிந்தது நம் பாடப்புத்தகங்களில் பலவற்றில் இல்லை. மேஸ்திரியை அண்ணன் என்று கூப்பிட்டு, தெரியாததைக் கேளுங்கள்.

சித்தாள் வேலைக்கு வரும் பெண்களைப் பாருங்கள். நாள் முழுக்க செங்கல் சுமக்கும் அவர்களுக்குப் பல சைட்டுகளில் ஒரு கழிப்பறை கிடையாது. கைக்குழந்தை மணல் குவியலுக்குப் பக்கத்தில் தூளியில் கிடக்கும். உங்கள் முதல் கட்டடத்தின் முதல் வரைபடம் அவர்களுக்கான கழிப்பறையாகவும், குழந்தைக்கான ஒரு நிழலாகவும் இருக்கட்டும். அதற்குப் பெரிய செலவில்லை. எஸ்டிமேட்டில் முதல் வரியாக எழுதிவிட்டால் பிறகு யாரும் அடிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் செய்ய யார் பணம் தருவார்கள் என்று நினைப்பீர்கள். இந்த ஊரின் பதில் பழையது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தும், வியாபாரிகள் மகமை கொடுத்தும் வளர்த்த க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். அவர் முதலமைச்சராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே முன்வந்து பள்ளிக்குக் கட்டடமும் பெஞ்சும் கொடுத்தார்கள். பொதுக் காரியத்துக்குக் கை நீட்டினால் கொடுக்கிற ஊர் இது. மக்கள் முன் நல்ல வரைபடத்தை வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களாகத்தான் நீங்கள் இன்று இங்கே எழுந்து நிற்கிறீர்கள்.

ஆகவே, நிறைய ஊர் பாருங்கள். பார்த்ததை அளந்து வரையுங்கள். நல்ல ஆபீஸில் சேர்ந்து தொழிலைக் கைப்படக் கற்றுக்கொள்ளுங்கள். பெரிய வீடுகளும் மண்டபங்களும் கட்டுங்கள், பேர் வாங்குங்கள். ஆனால் உங்கள் வாழ்நாளில் ஒரே ஒரு முறையாவது இந்த மாவட்டத்து உழைப்பாளிக்காக ஒரு கட்டடம் கட்டிக்கொடுங்கள். அது மருந்து அறையாகவோ, தீப்பெட்டி ஆபீஸாகவோ, கரிசல் மண்ணில் விரிசல் விடாத ஒரு சின்ன வீடாகவோ இருக்கலாம். காலையில் வேன் ஏறிப் போன அம்மா சாயங்காலம் அதே வேனில் வீடு வந்து சேர வேண்டும். அதற்கு உதவுகிற கட்டடம்தான் இந்த மாவட்டத்தின் தலைசிறந்த கட்டடம்.

பட்டம் பெற்ற உங்கள் அனைவருக்கும், உங்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.