மணமும் மனமும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைக் கடந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர் திருவிடந்தையை அறிவர். நித்திய கல்யாணப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்தலத்தில், மணமாகாத ஆண்களும் பெண்களும் இரண்டு மாலைகளுடன் வந்து அருச்சனை செய்வித்து, திருப்பித் தரப்பெறும் ஒன்றைக் கழுத்தில் அணிந்து ஒன்பது முறை வலம் வருவது வழக்கம். அம்மாலையை வீட்டில் காத்து வைத்திருந்து, மணம் முடிந்தபின் துணையோடு எடுத்து வந்து வழிபடுவர். காலவ முனிவரின் முந்நூற்றறுபது மகளிரை நாளுக்கு ஒருவராக மணந்து, இறுதியில் அனைவரையும் ஒருருவாக்கித் தம் இடப்பக்கத்தே வைத்தார் பெருமாள் என்பது தலவரலாறு. திருவை இடத்தே கொண்டமையால் ஊருக்குத் திருவிடந்தை என்னும் பெயர் வழங்கிற்று என்பர்.

பிள்ளைகளுக்கு நல்ல துணை வாய்க்க வேண்டும் என்னும் பெற்றோரின் வேண்டுதல் மிக இயல்பானது. ஆனால் இத்தகைய தலங்களை நாடுவோருள் வேறொரு வேண்டுதலை உள்ளடக்கி வருவோரும் இருப்பர். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த மகன் திடீரெனப் படிப்பை நிறுத்திவிட்டான், இரவெல்லாம் விழித்திருக்கிறான், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறான். அல்லது மகள் எவருடனும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறாள்; தானே சிரிக்கிறாள், தானே அழுகிறாள். உறவினர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வருகின்றனர்: "ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." இம்முடிவுக்குத் தமிழில் ஒரு பழமொழியும் துணை நிற்கிறது. கல்யாணமானால் பைத்தியம் தெளியும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணமாகும்.

இப்பழமொழியை ஊன்றி நோக்கினால் அது அறிவுரையன்று, அங்கதம் என்பது விளங்கும். ஒன்று நடந்தால்தான் மற்றொன்று நடக்கும், மற்றொன்று நடந்தால்தான் ஒன்று நடக்கும் என்று, வெளியேற வழியில்லாத ஒரு வட்டத்தை அது வரைந்து காட்டுகிறது. முன்னோர் எள்ளலாகச் சொன்னதைப் பின்னோர் அதன் முற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு மருத்துவக் குறிப்பாக்கிவிட்டனர். அதனால் விளையும் கேடு ஓர் இல்லத்தோடு நிற்பதில்லை. எதுவும் அறியாமல் மணமேடையில் வந்தமரும் மற்றோர் இல்லத்துப் பிள்ளையையும் அது பற்றிக்கொள்கிறது.

இவ்விடத்தில் இலக்கியம் காட்டும் சான்றுகள் சிந்திக்கத்தக்கவை. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தில் ஏழாம் திருமொழியை இத்தலத்துப் பெருமானுக்கே ஆக்கியுள்ளார். அது தாய்ப்பாசுரமாக அமைந்தது. மகளின் நிலையைக் கண்டு கலங்கும் தாய் பெருமானிடம் முறையிடுகிறாள். தோழியரைப் பார்த்து மகள் முறுவலிப்பதில்லை. கண்ணுக்கு மை தீட்டுவதில்லை. ஒரு நாழிகை அவளுக்கு ஊழியினும் நெடிதாகத் தோன்றுகிறது. அங்கே பாடப்படுவது தெய்வக் காதலே. அதனை நோய்க்குறி என்று கொள்வது பாசுரத்துக்கு இழைக்கும் தவறாகும். எனினும் அத்தாயின் கண் எத்துணை நுட்பமானது! பெருங்கூச்சலுக்காக அவள் காத்திருக்கவில்லை. சிரிப்புக் குறைந்ததையும் மை தீட்டாததையும் கண்ட அளவிலேயே கவலை கொள்கிறாள். நட்பிலிருந்து ஒதுங்குதல், தன்னைப் பேணாமை என்று இன்றைய மருத்துவர் கேட்டறிகின்ற மாற்றங்களும் இவ்வகையினவே.

சங்க அகப்பாடல்கள் மற்றொரு பாடத்தைத் தருகின்றன. மகள் மெலிந்ததைக் கண்ட தாய் கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். நோய் ஒன்றாக இருக்க, நாடும் மருந்து வேறாக இருக்கிறது. அன்னையின் அன்பில் குறையில்லை. அவள் அறிந்த செய்தியில்தான் குறை. அக்குறையை நீக்குபவள் தோழி. உண்மையை உரிய காலத்தில் உரியவரிடம் எடுத்துரைக்கும் அவள் செயலுக்குத் தமிழ் மரபு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயரிட்டது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியதாகச் சொல்லப்படும் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகளிலும் அத்தகைய தோழியின் கூற்றாகவே அமைந்திருப்பது கருதத்தக்கது. மறைப்பதைக் குடும்பப் பெருமை என்று எண்ணும் இக்காலத்துக்கு, உரைப்பதை அறம் என்று கொண்ட அம்மரபு வழிகாட்டுகிறது.

உரிய காலம் என்பதன் பொருளை மருத்துவ ஆய்வுகள் இன்று தெளிவாக்கியுள்ளன. வாழ்நாளில் தோன்றும் மனநோய்களுள் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழகமும் இடம்பெற்றது. 13 முதல் 17 வயதினருள் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக அது கணித்தது. நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாமலே இருப்பதும் அதனால் வெளிப்பட்டது. பள்ளியிறுதித் தேர்வும் கல்லூரிப் படிப்பும் முதல் வேலையும் மணப்பேச்சும் வந்து குவியும் பருவமே இந்நோய்கள் தலைகாட்டும் பருவமாகவும் இருக்கிறது. ஆதலால் மாற்றத்தை 'வயதுக் கோளாறு' என்றோ 'காற்றுக் கருப்பு' என்றோ கொண்டு காலம் கடத்துவது எளிதாகிவிடுகிறது.

மனச்சிதைவு போன்ற கடும் நோய்களில், முதல் அறிகுறிக்கும் முதல் சிகிச்சைக்கும் இடைப்பட்ட காலம் நீள நீள மீட்சி கடினமாகிறது. நோய் மட்டும் முற்றுவதன்று இதற்குக் காரணம். அந்த இடைவெளியில் படிப்பு நிற்கிறது, நண்பர் விலகுகின்றனர், வேலை போகிறது, பரிகாரங்களுக்காகக் குடும்பம் கடன்படுகிறது. பின்னர் மருந்தால் மனம் தெளிந்தாலும், திரும்பிச் செல்வதற்குரிய வாழ்க்கை அங்கே காத்திருப்பதில்லை. இதனை உணர்ந்தே ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பேட்ரிக் மெக்கோரி முதலிய மருத்துவர்கள் 1992-இல் இளையோர்க்கெனத் தொடக்கநிலைச் சிகிச்சை மையம் ஒன்றை நிறுவினர். அம்முறை பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று.

இத்துறையில் தமிழகம் பின்தங்கிவிடவில்லை. 1794-இல் தொடங்கிய பழமையான மனநல மருத்துவமனை சென்னையில் உள்ளது. கீழ்ப்பாக்கத்திலுள்ள அதன் முதல் பெண் கண்காணிப்பாளராக 1961-இல் பொறுப்பேற்றவர் மருத்துவர் சாரதா மேனன். 1984-இல் அவர் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வில் உலகறிந்த இடத்தைப் பெற்றது. 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2021-இல் மறையும்வரை அப்பணியின் உந்துவிசையாக விளங்கினார்.

சென்னையில் 1981-இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, முதன்முறை மனச்சிதைவுக்கு ஆளாகிச் சிகிச்சைக்கு வந்த 90 பேரைத் தொடர்ந்து கவனித்தது. மருத்துவர் ஆர். தாரா முதலியோர் நிகழ்த்திய இவ்வாய்வில், பத்தாண்டு முடிவில் 76 பேரின் நிலை அறியப்பட்டது. திருமணத்தைப் பற்றி அது கூறும் செய்தி கவனத்துக்குரியது. நோயுற்ற ஆண்களுள் மணமாகாமல் இருந்துவிட்டோர் மிகுதி. நோயுற்ற பெண்களிடையே மணமுறிவு மிகுதி. மாலை விழுந்ததால் நோய் தெளியும் என்ற நம்பிக்கையின் சுமையைப் பெண்ணே கூடுதலாகச் சுமந்தாள் என்பது இதனால் பெறப்படும். மணம் முறிந்த நிலையில் சென்னையில் வாழ்ந்த மனச்சிதைவுற்ற 76 பெண்களைப் பற்றி 2003-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. மனநோயாளி என்ற பழியினும் 'வாழாவெட்டி' என்ற பழியே அப்பெண்களையும் குடும்பத்தாரையும் மிகுதியாக வாட்டியது. தமக்குப்பின் மகளை யார் பார்த்துக்கொள்வார் என்பதே தாய்மாரின் ஓயாத கவலையாக இருந்தது.

முறிவு எவ்வாறு நேர்கிறது என்பதும் அறியத்தக்கது. மணப்பெண் மாத்திரை உண்பது கணவன் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் திருமணத்துக்கு முன்பே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். புதிய வீடு, புதிய உறவுகள், உறக்கக் குறைவு, மறைத்த உண்மை வெளிப்படுமோ என்னும் அச்சம் ஆகியன ஒன்றுசேர்கின்றன. சில திங்களில் நோய் மீண்டும் தலைதூக்குகிறது. அப்போது கணவன் வீட்டார் நோயைக் காட்டிலும் பொய்யையே பெரிதாகக் கொள்கின்றனர்; இரு குடும்பங்களும் பகையாகின்றன.

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் இவ்வுண்மையை உணர்த்துகிறது. முதன்மையான ஒரு செய்தியை மறைத்து வஞ்சனையால் பெற்ற ஒப்புதல், அத்திருமணத்தைச் செல்லாததாக்குவதற்குக் காரணமாகலாம். அதே வேளையில், மனச்சிதைவு நோய் இருப்பது ஒன்றே மணவிலக்குக்குப் போதுமான காரணமன்று. நோயின் அளவையும் தன்மையையும் ஆராய வேண்டும் என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநோயுற்றவர் மணம் செய்துகொள்ளக்கூடாது என்பது இவ்வுரையின் கருத்தன்று. தக்க சிகிச்சையோடு நல்லறமாக இல்லறம் நடத்துவோர் பலர். மணத்தை மருந்தாக்குவதும், மணத்துக்காக மருந்தை மறைப்பதுமே தவறு. முதலில் மருத்துவம், பின்னர் உண்மை உரைத்தல், அதன்பின் இருவரும் இசைந்தால் மாலை. வரிசை மாறினால் வாழ்வு மாறிவிடும்.

கோயிலும் மருத்துவமனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதையும் வலியுறுத்த வேண்டும். 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலம் குன்றியோர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். தமிழகத்தை உலுக்கிய அத்துயரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயுற்றோரைச் சங்கிலியால் பிணிப்பதை முற்றாகத் தடை செய்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் வழிபாட்டோடு மருந்தும் கிடைக்க அரசு வழி செய்தது. நோன்பும் வேண்டுதலும் நெஞ்சுக்கு உரம் தரும். ஆயினும் மூளையின் நோய்க்கு மருந்தும் வேண்டும்.

செங்கற்பட்டு வட்டாரமே இவ்விணக்கத்துக்குச் சான்றாகியுள்ளது. இந்தியா, நைஜீரியா, டிரினிடாட் ஆகிய மூன்று நாடுகளில் அண்மையில் நிகழ்ந்த மனநோய் ஆய்வில், இந்தியக் களமாக அமைந்தது அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம். சிகிச்சை பெறாதோரைக் கண்டறிய மருத்துவமனைகளை மட்டும் நம்பாமல், பூசாரிகள், மந்திரிப்போர் முதலியோரின் துணையையும் ஆய்வாளர் நாடினர். முன்னதாக அதே மாவட்டமும் கோவாவும் மராட்டியத்தின் சதாராவும் களங்களாக அமைந்த மற்றோர் ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று துணை நின்றால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெறுவோரைவிட நோயாளர் ஓரளவு கூடுதலாக நலம் பெறுகின்றனர் என்பது அதன் முடிவு. சென்னையையும் கனடாவின் மான்ட்ரியல் நகரையும் ஒப்பிட்ட ஆய்வில், தொடக்கநிலைச் சிகிச்சை பெற்று ஈராண்டு நிறைந்தபோது, ஊக்கமின்மை, ஒதுங்கியிருத்தல் போன்ற குறிகள் சென்னையில் கூடுதலாகக் குறைந்திருந்தன. சென்னையில் குடும்பத்தாரின் ஈடுபாடும் மிகுதியாக இருந்தது. கால்கட்டுப் போட விரையும் அதே குடும்பம், உண்மையை ஏற்று உடன் நின்றால், பெருமருந்தாகவும் ஆகவல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வாயில்களும் தொலைவில் இல்லை. 1996-இல் நாட்டின் நான்கு மாவட்டங்களில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தில் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. பின்னர் அத்திட்டம் தமிழகத்தின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கவிஞர் பெருமக்களே, இவ்வளவும் மருத்துவர் பேச வேண்டியவை அல்லவோ, இலக்கிய அவைக்கு இவை எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். நோய் முதலில் வருவது மருத்துவரிடமன்று, சொல்லிடம். தாய் அதற்கு என்ன பெயரிடுகிறாள் என்பதைப் பொறுத்தே அவள் எங்கே செல்வாள் என்பது அமைகிறது. 'கிறுக்கு' என்று பெயரிட்டால் மறைப்பாள். 'பேய்' என்று பெயரிட்டால் ஓட்டுவாள். 'நோய்' என்று பெயரிட்டால் மருந்து தேடுவாள். கீழ்ப்பாக்கம் என்னும் ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கிய மொழியும் இதுதான். இறைவனையே பித்தன் என்று அன்போடு விளித்த மொழியும் இதுதான். எந்தச் சொல்லை எடுப்பது, எதை விடுப்பது என்பது எழுதுவோர் கையில் இருக்கிறது. மேடை நகைச்சுவைக்காக மனநோயாளியை இழுத்து வரும் வழக்கத்தை, கவியரங்கங்கள் இன்றே கைவிடலாம்.

அகப்பாட்டின் தோழி இன்று தெருவில் இல்லை, கூட்டுக்குடும்பமும் குறைந்துவிட்டது. அவள் இடத்தில் ஆசிரியரும் அண்டை வீட்டாரும் கவிஞரும் நின்றாக வேண்டும். மாணவனின் முகத்தில் முறுவல் மறைந்ததை முதலில் காண்பவர் எவரோ, அவரே வாய் திறக்கக் கடமைப்பட்டவர். அன்னையிடம் சென்று, பழி சொல்லாமல், பதற்றமூட்டாமல், 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு வருகிறோம்' என்று சொல்லும் அச்சிறு வாக்கியமே இந்நூற்றாண்டின் அறத்தொடு நிற்றல்.

திருவிடந்தையின் மாலைகள் வாடாதிருக்கட்டும். அவற்றை ஏற்கும் மனங்களும் வாடாதிருக்கட்டும்.