பிரிந்து செல்லும் சபையும் ஆலயச் சொத்தும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூறு வருடங்களாக நமது சங்கம் கட்டடங்களுக்கு நிதி சேர்த்து வந்திருக்கிறது. மிசனரிமார் தொடங்கிய பாடசாலையின் பிள்ளைகளாகிய நமக்கு, கொடுத்த சொத்து பின்னாளில் யாரைச் சேரும் என்ற கேள்வி புதியதல்ல. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குச் சென்றபோது நமது அம்மம்மாமாரின் தலைமுறை அதைக் கேட்டது. இன்று அதே கேள்வியை வேறொரு பக்கத்திலிருந்து பார்ப்போம். ஒரு சபை தன் தாய்த் திருச்சபையை விட்டுப் பிரியும்போது ஆலயமும் காணியும் யாருக்கு?

அண்மைக் காலத்தின் பெரிய உதாரணம் அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்த திருச்சபை. ஒருபாலினத்தவரின் திருமணம், குருத்துவ அபிஷேகம் பற்றிய கருத்து வேற்றுமை அங்கே பல ஆண்டுகளாக முற்றி வந்தது. 2019இல் கூடிய விசேட பொது மகாநாடு, விலக விரும்பும் சபைகளுக்கு ஒரு வழியைத் திறந்தது. 2023ஆம் ஆண்டு முடியும்வரை இருந்த அந்த வழியால் 7,600க்கும் அதிகமான சபைகள், ஏறக்குறைய நாலில் ஒன்று, வெளியேறின.

விலகுவதற்குத் தனி வழி ஏன் தேவைப்பட்டது? அங்கே ஆலயச் சொத்து ஊர்ச் சபையின் பெயரில் இருந்தாலும், முழுத் திருச்சபைக்குமான நம்பிக்கைப் பொறுப்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. இதன் வேர் ஜோன் வெஸ்லி 1763இல் வெளியிட்ட மாதிரி உறுதியில் இருக்கிறது. கட்டியவர்கள் தம் விருப்பப்படி பிரசங்கியாரை வைக்கவோ விலக்கவோ கூடாது, மகாநாடு அனுப்புபவருக்கே பிரசங்க பீடம் என்பது அதன் நோக்கம். ஆகவே ஊரவர் தம் காசில் கட்டிய ஆலயமானாலும், பிரிபவர்கள் வெறுங்கையோடுதான் போகவேண்டும்.

2019இன் ஏற்பாடு அந்தப் பிடியைத் தளர்த்தியது. சபைக் கூட்டத்துக்கு வந்த அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்க வேண்டும். இரண்டு வருடப் பங்குப் பணம் கட்டவேண்டும். போதகர்களின் ஓய்வூதியக் கடனில் தமது பங்கையும் செலுத்த வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நாம் மெச்சுகிறோம். போதனையில் பிணக்கு வந்தாலும் வயோதிபப் போதகரின் மருந்துச் செலவு நிற்கக்கூடாது அல்லவா?

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். தொண்ணூறு பேர் வாக்களித்து அறுபது பேர் போவோம் என்றால், ஆலயம் அந்த அறுபது பேரோடு போய்விடும். ஞானஸ்நானம் பெற்ற இடமும் பெற்றோரைப் புதைத்த சேமக்காலையும் மற்ற முப்பது பேருக்கும் உரியவைதானே?

இதற்கு நேர்மாறான தீர்ப்பு ஸ்கொட்லாந்தில் கிடைத்தது. 1900இல் அங்கே சுயாதீன திருச்சபை வேறொரு திருச்சபையுடன் இணைந்தது. முப்பதுக்கும் குறைவான போதகர்களே இணைய மறுத்தார்கள். 1904இல் பிரபுக்கள் சபை, தொடக்கக் கொள்கையில் நிற்பவர்கள் இந்தச் சிறுபான்மையினரே என்று கூறி, முழுச் சொத்தையும் அவர்களுக்கே கொடுத்தது. அத்தனை ஆலயங்களையும் கல்லூரிகளையும் நடத்த அவர்களிடம் ஆள் ஏது? அடுத்த வருடமே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, சொத்தைப் பங்கிட ஆணைக்குழு அமைத்தது. மூன்றில் ஒரு பங்கினராவது பழைய நிலையில் நின்ற ஊர்களில் ஆலயம் பொதுவாக அவர்களுக்கு, மற்றவை இணைந்தவர்களுக்கு.

எது சரியான போதனை என்று அமெரிக்க நீதிமன்றங்கள் தீர்ப்பதில்லை. அவர்களது அரசியலமைப்பு இடந்தராது. உறுதியிலும் யாப்பிலும் எழுதியிருப்பதை வாசித்துத் தீர்க்கலாம் என்று 1979இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எழுதாததை எந்த நீதவான் வாசிப்பார்?

சத்திரசிகிச்சைக்கு முன்னர்தான் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். மயக்க மருந்து கொடுத்த பிறகு கேட்பதில்லை. சொத்தும் அப்படித்தான். நல்லுறவு இருக்கும் நாளிலேயே எழுதவேண்டும். யாருடைய சொத்து என்பதை மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பணிக்காகத் தரப்பட்டது, கருத்து வேறுபட்டால் யார் எவ்வாறு தீர்மானிப்பது, தோற்ற பக்கத்தவர் எங்கே வழிபடுவது, கல்லறைகளை யார் பராமரிப்பது என்பனவும் உறுதியில் இருக்கட்டும். பிரிவு வரவேண்டும் என்று நாம் எண்ணவில்லை. வந்தால், இரு பகுதியினரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்றே கேட்கிறோம்.

நமது சங்கத்தின் அடுத்த நன்கொடைக்கும் ஓர் உறுதி எழுதப்படும். அதில் கையொப்பமிடுமுன் அதை முழுவதும் வாசிப்போம். நூறு வருடங்களுக்குப் பின்னர் வரும் பிள்ளைகளை மனதில் வைத்து வாசிப்போம்.