பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாதா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



கடவுளைப் பற்றியும், மதத்தைப் பற்றியும், சாதியைப் பற்றியும் பேசுவதற்கு என்னைவிடப் படித்தவர்கள் இந்த மேடையில் இருக்கின்றார்கள். ஆதலால் நான் ஒரு சிறிய விஷயத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சிறியது என்றால் மெய்யாகவே சிறியதுதான். இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடக்கூடிய, ஒரு கிலோவோ ஒன்றரைக் கிலோவோ எடையுள்ள குறைமாதக் குழந்தையைப் பற்றியும், அந்தக் குழந்தை அனுபவிக்கும் வலியைப் பற்றியுமே பேசப் போகின்றேன்.

இது பெண்பிள்ளைகள் விஷயமாயிற்றே, இதற்குப் பொதுக்கூட்டம் எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களைக் கேட்கின்றேன்: குழந்தை பெண்ணுக்கு மாத்திரந்தான் சொந்தமா? 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைத்தான் குறைமாதம் என்கிறோம். 2020ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்திருக்கின்றன. அதாவது பத்துக் குழந்தைகளில் ஒன்று. அவற்றில் சுமார் 30 லட்சம் நம் இந்திய தேசத்தில் பிறந்தவை. வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. ஆகவே இந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களில் பலருடைய வீட்டுச் சங்கதிதான் இது.

தலைவிதியும் தீட்டும்

குறைமாதக் குழந்தை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன சொல்லுகின்றார்கள்? "ஏழாம் மாதம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது" என்கின்றார்கள். வயிற்றுக்குள் நாளுக்கு நாள் வளருகிற பிள்ளை, எட்டாம் மாதத்தில் ஏழாம் மாதத்தைவிடப் பலமாக இருக்குமா, பலவீனமாக இருக்குமா? இதைக் கணக்குப் போட ஜோசியன் வேண்டுமா? அடுப்பில் வைத்த அரிசி ஏழு நிமிஷத்தில் வெந்து எட்டாவது நிமிஷத்தில் வேகாமல் போகும் என்று எந்தத் தாயாவது சொல்லுவாளா? ஆனால் பிள்ளை விஷயத்தில் மட்டும் சொல்லுகிறோம்.

இது போதாதென்று தீட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். பெற்றவளை ஒரு மூலையில் உட்கார வைத்து, அவளைத் தொட்டால் தீட்டு, அவள் தொட்டால் தோஷம் என்கிறோம். குழந்தைக்கு இழுப்பு வந்தால் வயிற்றில் சூடு போடுகிற கொடுமையும் நம் நாட்டில் நடந்திருக்கின்றது. கேட்டால், "அதற்கு என்ன தெரியப் போகிறது, பச்சை மண்" என்பார்கள். இந்த "என்ன தெரியப் போகிறது" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

படித்தவர்களின் மூடநம்பிக்கை

தோழர்களே! மூடநம்பிக்கை என்றால் அது குடுமியிலும் கமண்டலத்திலும் மாத்திரம் இருப்பதாக நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது தவறு. பரீட்சித்துப் பாராமல் ஒன்றை நம்புவது எதுவானாலும் மூடநம்பிக்கைதான். அதை நம்புகிறவர் மேல்நாட்டில் பெரிய பட்டம் வாங்கிய டாக்டராக இருந்தாலும் சரியே. பச்சைக் குழந்தைக்கு, அதிலும் குறைமாதக் குழந்தைக்கு, வலி தெரியாது என்று மேல்நாட்டு வைத்தியர்களில் அநேகர் 1980ஆம் வருஷங்கள் வரையில் நம்பினார்கள். குழந்தையின் நரம்புகளுக்கு மேலுறை இன்னும் முழுதும் வளரவில்லை, ஆகையால் வலி மூளைக்குப் போய்ச் சேராது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆனால் பெரிய மனிதனுக்கு வலியைக் கொண்டுபோகிற நரம்புகளிலேயே பெரும்பாலானவைக்கு அந்த உறை கிடையாது. அந்த நியாயப்படி பார்த்தால் நமக்கும் தேள் கொட்டினால் வலிக்கக்கூடாது!

மயக்க மருந்து கொடுத்தால் இத்தனை சிறிய உயிர் தாங்குமோ என்கிற பயமும் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கு மேலே "வலி தெரியாது" என்கிற சமாதானத்தைப் போர்த்தி மூடிவிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் குறை சொல்லுகின்றேன்.

1985ஆம் ஆண்டில் அமெரிக்காவில், வாஷிங்டன் நகரில், 26 வாரத்தில் பிறந்த ஒரு ஆண் குழந்தைக்கு இதயத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு ரத்தக் குழாயை மூடுவதற்காக ரண சிகிச்சை செய்தார்கள். குழந்தை அசையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். வலி தெரியாமலிருக்க மருந்து கொடுக்கவில்லை. உடம்பு மரக்கட்டை போல் கிடக்க, மார்பைக் கீறினார்கள். சில வாரங்களில் குழந்தை இறந்து போயிற்று. பின்னால் உண்மையைத் தெரிந்து கொண்ட தாய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, குறைமாதக் குழந்தைக்கு வலி உண்டென்று யாரும் நிரூபிக்கவில்லை என்கிற பதில்தான் கிடைத்தது. அந்த அம்மாள் அழுது கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. எழுதினார், பத்திரிகைகளுக்குச் சொன்னார், நாடு முழுவதும் வெட்கப்படும்படி செய்தார்.

அதே காலத்தில், நம் நாட்டிலே வைத்தியம் படித்து இங்கிலாந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்த் என்பவர், ரண சிகிச்சைக்குப் போன சின்னஞ்சிறு குழந்தைகள் திரும்பி வரும்போது மிக மோசமான நிலையில் வருவதைக் கண்டு, ஏன் என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பரீட்சை செய்தார். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு வழக்கப்படி லேசான வாயு மட்டும். மற்றொரு பகுதிக்கு அதோடு வலி நீக்கும் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் வேதனையைக் காட்டும் சத்துக்கள் குறைவாக இருந்தன. பின்னால் வரும் கெடுதிகளும் குறைந்தன. 1987இல் இது வெளியாயிற்று. அதே வருஷத்தில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களின் சங்கம், பச்சைக் குழந்தைக்கும் ரண சிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தது. 2006இல் லண்டனில், 25 வாரக் குழந்தை முதற்கொண்டு, குதிகாலில் குத்தும்போது மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதைக் கருவி வைத்தே அளந்து விட்டார்கள். "என்ன தெரியப் போகிறது" என்று கேட்டவர்களுக்கு அதுதான் பதில்.

ஒரு நாளைக்கு எத்தனை குத்து?

ரண சிகிச்சை எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. ஆனால் ஊசி வருகிறது. குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். கையில் நரம்பு தேடுகிறார்கள். மூக்கில் குழாய் விடுகிறார்கள். உயிரைக் காப்பதற்காகத்தான் செய்கிறார்கள், செய்யத்தான் வேண்டும். பாரிஸ் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் 430 குழந்தைகளை வைத்துக் கணக்கெடுத்ததை 2008இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தைக்கு வலி தரும் காரியம் சுமார் பத்து. அவற்றில் நூற்றுக்கு 79 தடவை அந்த வலியைக் குறைக்கத் தனியாக எதுவும் செய்யப்படவில்லை. அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே இது கதி.

தாயின் மார்பு

அப்படியானால் ஒவ்வொரு குத்துக்கும் பலமான மருந்து கொடுக்க முடியுமா? முடியாது. அதற்கும் கெடுதல் உண்டு. பின் என்ன வழி? அந்த வழி ஆஸ்பத்திரி வராந்தாவில், கதவுக்கு வெளியே, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் தாய்.

1978இல் தென் அமெரிக்காவில் கொலம்பியா தேசத்து பொகோட்டா நகரில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் போகவே, டாக்டர் எட்கர் ரே சனப்ரியா என்பவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவிடும் முறையைத் தொடங்கினார். கங்காரு என்னும் பிராணி குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக் கொள்வதுபோல் இருப்பதால் அதற்கு அந்தப் பெயரே வந்துவிட்டது. ஏழைக்கு வேறு கதியில்லாமல் செய்த காரியம் பணக்காரனுடைய பெட்டியோடு போட்டி போட்டது. 2021இல் இந்தியா உள்பட ஐந்து நாடுகளில், பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்த சிறு குழந்தைகளில் முதல் 28 நாளில் இறந்தவை நூற்றுக்கு 12. பெட்டியில் வைத்து உடல் தேறிய பிறகு அணைக்கப்பட்டவைகளில் ஏறக்குறைய 16.

இந்த அணைப்பு வலியையும் குறைக்குமா என்று பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நிறைமாதக் குழந்தைகள் 30 பேரிடம் பார்த்தபோது, தாயின் மார்பில் இருந்தபடி குதிகாலில் குத்தப்பட்ட குழந்தைகளுக்கு, தொட்டிலில் கிடந்தவைகளைவிட அழுகை நூற்றுக்கு 82 பங்கு குறைவாக இருந்தது. பின்னர் கனடாவில் குறைமாதக் குழந்தைகளிடமே பார்த்தார்கள். குழந்தை வாய்விட்டுச் சொல்லாதே, வலியை எப்படி அளந்தார்கள் என்று கேட்பீர்கள். புருவம் சுளிக்கிறதா, கண் இறுகுகிறதா, மூக்கோரத்தில் மடிப்பு விழுகிறதா, இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு குறைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அளந்தார்கள். 2003இல் 32 வாரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வலியின் எண் குறைந்தது. 2008இல் 28 வாரத்துக் குழந்தைகள்கூடச் சீக்கிரமாகச் சமாதானம் அடைந்தன. 2017இல் இப்படிப்பட்ட 25 பரீட்சைகளை, 2,001 குழந்தைகளைப் பற்றியவை, ஒன்று சேர்த்துப் பார்த்ததிலும் பலன் இருப்பதாகவே தெரிந்தது.

எதிரான பரீட்சையும் உண்டு

நமக்கு அனுகூலமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எனக்கும் புராணப் பிரசங்கிக்கும் வித்தியாசமில்லை. இங்கிலாந்தில் சில வருஷங்களுக்கு முன், 35 வாரமும் அதற்கு மேலும் கழித்துப் பிறந்த குழந்தைகளின் காலைக் குத்துவதற்குச் சற்று முன்பாகப் பெற்றோரைப் பத்து விநாடி தடவிக் கொடுக்கச் சொல்லி, மூளையின் அசைவை அளந்தார்கள். யாதொரு குறைவும் காணப்படவில்லை. ஆகவே, தாய் விரலால் தொட்டவுடன் வலி பறந்துவிடும் என்பது மந்திரமேயல்லாமல் வைத்தியமல்ல. பலன் கண்டது, தோலோடு தோலாகக் கால் மணி, அரை மணி நேரம் முன்னதாகவே அணைத்து, குத்தும்போதும் குத்திய பிறகும் விடாமல் வைத்திருப்பதில்தான். அதுவும் வலியைக் குறைக்குமேயொழிய அடியோடு போக்காது. ரண சிகிச்சைக்கு மயக்க மருந்துதான் வேண்டும்.

என் வீட்டில் நடந்தது

நிற்க. என் துணைவியாருக்குப் பதினைந்து வருஷத்துக்கு முன் எட்டாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வீட்டுப் பெரியவர்கள் தீட்டு என்றார்கள், கிரகம் என்றார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி ஜெயித்தேன். ஆஸ்பத்திரியில் குழந்தை பெட்டிக்குள் இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒரு நாள் என் துணைவியார், "ஊசி போடும்போது நான் அவளைப் பிடித்துக் கொள்கிறேன், டாக்டரிடம் கேளுங்கள்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டருக்குத் தெரியாதா? குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது?" என்று சொன்னேன். சாஸ்திரக்காரனைப் பார்த்து ஆதாரம் எங்கே என்று கேட்ட வாய், வெள்ளைக் கோட்டைக் கண்டவுடன் அடைத்துப் போயிற்று. அவர் இருபத்திரண்டு நாளும் கண்ணாடிக்கு வெளியே நின்றார். எழுத்து வாசனை அதிகமில்லாத அவர் கேட்டது சரி. ஊருக்குப் பகுத்தறிவு சொல்லித் திரிந்த நான் சொன்னது தவறு. அந்தப் பெண் இன்று நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும் அந்த இருபத்திரண்டு நாள் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இங்கு வந்து பேசுகிறேன்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் குறைமாதக் குழந்தை பிறந்தால் தாயத்துக்கும் ஜாதகத்துக்கும் ஓடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போய், "ரத்தம் எடுக்கும்போது தாய் மார்பில் வைத்துக் கொள்ளலாமா?" என்று மரியாதையாக, ஆனால் கூசாமல், கேளுங்கள். குழந்தையின் நிலைமை இடங்கொடுக்குமா என்று டாக்டர் சொல்லட்டும். இடங்கொடுக்காது என்றால் காரணத்தையும் சொல்லட்டும். வளையல், மோதிரங்களைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக் கொள்ளுங்கள். வெளியில் எடுக்கக்கூடாத நிலையென்றால், ஒரு கையைத் தலையில் வைத்து, மறு கையால் மடங்கிய கால்களை அணைத்து, வயிற்றுக்குள் இருந்தபடி சுருண்டிருக்கச் செய்வதும் பரீட்சித்துப் பலன் கண்ட முறைதான்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தகப்பன் மார்பிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தாயின் பலனுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ஆகவே தாய் மயக்கத்தில் கிடக்கும்போது நீங்கள் டீக்கடையில் நிற்க நியாயமில்லை. சட்டையைக் கழற்றுங்கள்.

நர்சுகளை நான் குறை சொல்ல வரவில்லை. ஒருவரே பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் குழந்தையின் பக்கத்திலேயே தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும் என்று நாம் சர்க்காரைக் கேட்கலாம். கோயில் கட்டக் கேட்கிறவர்கள் கேட்கட்டும். நாம் கட்டில் கேட்போம்.

மனிதனை மனிதன் தொடக்கூடாது என்ற நாட்டில், பெற்றவளே பிள்ளையைத் தொடக்கூடாது என்ற நாட்டில், தொடுவதே மருந்து என்று பரீட்சை சொல்லுகிறது. நான் சொன்னதற்காக இதை நம்ப வேண்டாம். விசாரியுங்கள், யோசியுங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் வார்த்தையை முடித்துக் கொள்ளுகின்றேன்.