தசபந்த மானியமும் ஏரிக் கரையும்



தீர்வையைக் குறைத்தால் நிலச் சொந்தக்காரர்கள் ஜலத்தைச் சேமிக்க முன்வருவார்களா என்னும் கேள்வி புதியதன்று. முன்பு சென்னை மாகாணமாக இருந்த பிரதேசத்தில் தசபந்தம் என்ற பெயரால் இது வெகு காலம் நடைமுறையிலேயே சோதிக்கப்பட்டது. கடப்பை, கர்நூல், பல்லாரி, அனந்தப்பூர் ஜில்லாக்களில் அம்மானியம் மிகுதி; வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலும் அது வழங்கி வந்தது.

ஓர் ஏரியைக் கட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கடப்பை ஜில்லா பொருமாமிள்ளையிலுள்ள 1369ஆம் வருஷத்துச் சிலாசாசனம் தெரிவிக்கிறது. அங்கே இரண்டு வருஷ காலம் நாள்தோறும் ஆயிரம் ஆட்களும் நூறு வண்டிகளும் வேலை செய்தனவாம். விஜயநகரத்து முதலாம் புக்கராயரின் குமாரருக்கு அது இயன்றது. சிற்றேரி ஒன்று வெட்ட நினைக்கும் கிராமத்து ரெட்டிக்கோ கவுண்டருக்கோ அவ்வளவு திரவியம் ஏது? ஆகவே, பொக்கிஷத்திலிருந்து ரொக்கம் கொடுப்பதற்குப் பதிலாக, வரவேண்டிய தீர்வையில் ஒரு பாகத்தைச் சர்க்கார் விட்டுக்கொடுத்தது. தம் செலவில் ஏரியோ கால்வாயோ கிணறோ ஏற்படுத்தியவருக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது பெயரின் பொருள். உண்மையில் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில இடங்களில் குறிப்பிட்ட பூமியையே மானியமாக விட்டனர். அது கண்ட தசபந்தம். சில இடங்களில் ஆயக்கட்டு முழுவதின் தீர்வையிலும் ஒரு விகிதம் தள்ளிக் கொடுத்தனர். அது ஷாமிலாத் தசபந்தம்.

இவ்வேற்பாட்டின் சிறப்பு அதிலுள்ள நிபந்தனையே. ஏரியைக் கட்டியதோடு மானியக்காரரின் கடமை தீரவில்லை. அதைச் செப்பமாக வைத்திருக்கும் வரையில்தான் வஜா உண்டு. 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷனும் இந்நிபந்தனையின் பேரிலேயே இம்மானியங்களை ஊர்ஜிதம் செய்தது. பராமரிப்புத் தவறினால் முழுத் தீர்வையும் விதிக்கலாம் என்பது விதி.

விதி நன்றாகவே இருந்தது. சங்கடம் வேறிடத்தில் உண்டாயிற்று. உதாரணமாக, நூறு ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் தீர்வை ஐந்நூறு, தசபந்தம் ஐம்பது. ஏரியைக் கட்டியவர் ஒருவர். அவர் பேரர் காலத்தில் பங்காளிகள் பன்னிருவர். சிலர் பங்கை விற்றுவிட்டு வேறூர் போய்விட்டனர். ஒவ்வொரு பங்குக்கும் வருஷத்தில் நான்கு ரூபாய்ச் சொச்சந்தான் லாபம். ஐப்பசி மழையில் கரை உடைந்து, அடைக்க அறுநூறு ரூபாய் வேண்டுமென்றால், நான்கு ரூபாய்க்காரர் எவர் ஐம்பது ரூபாயைக் கொண்டுவந்து வைப்பார்? வஜா போனால் போகட்டும் என்றிருப்பதே அவருக்கு லாபம். சர்க்காரும் விதிப்படி மானியத்தை ரத்துச் செய்து ஐம்பது ரூபாயை வசூலித்துக்கொள்ளும். அந்த ஐம்பது ரூபாயில் கரை எழும்புவதில்லை. உடைப்பும் அப்படியே இருக்கிறது. ஆயக்கட்டுக்காரர்களின் நூறு ஏக்கர் நஞ்சையும் தரிசாகிறது. தவறியவர் மானியக்காரர், தண்டனை அனுபவித்தவர் ஏரியின் கீழ்ச் சிறு குடியானவர்.

பின்னர் 1956இல் ஆந்திரத்திலும் 1963இல் தமிழ்நாட்டிலும் இனாம்களை ரயத்துவாரியாக மாற்றும் சட்டங்கள் வந்தன.

கிணறுகளுக்குக் காட்டிய சலுகை வேறு வகையானது. ரயத்துவாரி நிலத்தில் குடியானவர் தம் செலவில் வெட்டிய கிணற்றுக்காக அதிகத் தீர்வை விதிப்பதில்லை என்ற கொள்கை 19ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றது. இதனால் விளைந்த நன்மையை எவரும் மறுக்கலாகாது; கோயமுத்தூர் ஜில்லாவின் தோட்டப் பயிர்கள் கிணறுகளாலேயே பெருகின. எனினும் கிணறு ஜலத்தை இறைக்கும் சாதனமேயன்றிச் சேர்க்கும் சாதனம் அன்று. கவலை கட்டிய காலத்தில் மாட்டின் பலமே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. 1930களில் பைகாரா மின்சாரம் அந்த ஜில்லாவுக்கு வந்து, மோட்டார்கள் பெருகிய பின் அவ்வெல்லை அகன்றது. ஒருவர் கிணற்றை ஆழமாக்கினால் அடுத்த தோட்டத்துக் கிணறு வற்றுகிறது. கிணறு வெட்டியதற்குச் சலுகை இருந்ததே தவிர, கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கும் குட்டையைக் காத்ததற்குச் சலுகை இல்லை.

ஆகையால் இனி வரிச் சலுகை ஏதேனும் வகுக்கப்படுமானால், அது நிலத்தோடு ஒட்டிப் பரம்பரையாய்ச் செல்லும் உரிமையாக இருத்தல் தகாது. அந்தந்த வருஷம் நடந்த வேலையைப் பார்த்து அந்தந்த வருஷமே தரப்பட வேண்டும். பார்வையிடுவது புரட்டாசியில், வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பே முடிய வேண்டும். தை மாதத்தில் காகிதத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவதில் பயனில்லை. சலுகைத் தொகை தனித்தனிப் பட்டாதாருக்கு நான்கும் ஐந்துமாய்ச் சிதறாமல், ஆயக்கட்டுக்காரர் சங்கத்தின் கணக்கில் ஒருசேர நிற்குமாயின், உடைப்பு நேர்ந்த அன்றைக்கே கைமுதல் இருக்கும். தசபந்தத்தில் குறைந்தது இதுவே.

2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயராலேயே ஏரி, கண்மாய்களைச் செப்பனிடும் வேலையைத் தொடங்கி, செலவில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுக்காரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரும்படி ஏற்பாடு செய்தது. முன்பு சர்க்கார் விட்ட பங்கும் பத்தில் ஒன்று, இப்போது குடிகள் இட்ட பங்கும் பத்தில் ஒன்று என்பது தற்செயலாயினும் கவனிக்கத்தக்கது.

பங்கு வசூலிக்கும்போது கடைமடைக்காரர் ஓர் ஆக்ஷேபம் சொல்வது வழக்கம். மதகருகே உள்ளவர் இரண்டு போகம் எடுக்கிறார். கடைமடைக்கு ஒரு போகத்துக்கே ஜலம் எட்டுவதில்லை. இருவருக்கும் ஏக்கருக்கு ஒரே பங்கா என்பதே அது. இது நியாயமான கேள்வி. சங்கத்தார் வரிச் சலுகையைப் பகிர்வதானால், ஜலம் எட்டாத வருஷத்தில் கடைமடைக்காரரின் பங்கை முதலில் தள்ளிவிட்டு, மிச்சத்தைக் கரைக்கும் மதகுக்கும் ஒதுக்குவது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, தீர்மானப் புஸ்தகத்தில் எழுதிக்கொள்ளலாம்.