பாட்டுப் பதிவில் சுருதியும் பாவமும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



இயற்பியல் படித்துவிட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். "இந்தப் படிப்பு அங்கே எதுக்குப்பா உதவுது?" என்று காலையில் விடுதி வாசலில் ஒரு நண்பர் கேட்டார். எந்த ஒயர் பிடுங்கிக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்க உதவுகிறது என்றேன். மீதியை இங்கே சொல்கிறேன்.

பாடுகிறவர் மைக் முன்னால் நிற்கும்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டு கவலை. சுருதி, தாளம், உச்சரிப்பு எல்லாம் சரியாக விழ வேண்டும். கேட்பவர் மனசு அசையவும் வேண்டும். இரண்டாவதைத்தான் பாவம் என்கிறோம். (ஐயோ பாவம் என்கிற பாவம் இல்லை. சில பதிவுகளுக்கு அதுவும் பொருந்தும்!)

நான் சேர்ந்த புதிதில் எல்லாம் டேப்தான். 2 அங்குல அகலம், 24 டிராக். விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடவிட்டால் ஒரு ஸ்பூல் 16 நிமிஷச் சொச்சம்தான் வரும். விலையோ அதிகம். அதனால் ஒரு வரி பிசகினால் அந்த வரியின் மேலேயே மறுபடி பதிவு செய்வோம். 'பஞ்ச் இன்' என்று பெயர். பழையது அழிந்தே போகும்.

ஒரு நாள் என் அம்மா வயதுள்ள பாடகி ஒருவர் தாலாட்டு ஒன்று பாட வந்தார். பெயர் வேண்டாம். "ஒரு தடவை சும்மா பாடிப் பாத்துக்கறேன் தம்பி" என்றார். நான் டேப்பை ஓடவிட்டிருந்தேன். மூன்றாவது வரியில் குரல் உடைந்து, சுருதி கொஞ்சம் இறங்கியது. எனக்குள் இருந்த இயற்பியல்காரனுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அந்த வரி மட்டும் இன்னொரு தடவை" என்றேன். பாடினார். அப்புறம் இன்னொரு தடவை. நாலாவது தடவை முத்து முத்தாக வந்தது. முடித்துவிட்டு உள்ளே வந்தவர், "முதல்ல பாடினேனே, அதைக் கொஞ்சம் போடுங்க தம்பி" என்றார். அது இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. கோபப்படவில்லை. "பரவாயில்ல. எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு, அதான் தொண்டையை அடைச்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளிவந்த பாட்டில் ஒரு தப்பு கிடையாது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசினதும் கிடையாது.

1969-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு வெளியிட்ட 'கிம்மி ஷெல்டர்' பாட்டில், மெர்ரி கிளேட்டன் என்ற பாடகியின் குரல் உச்சத்தில் விரிசல் விடும். அதை அப்படியே விட்டார்கள். இன்றைக்கும் ரசிகர்கள் காத்திருந்து கேட்கிற இடம் அதுதான். மைக்கேல் ஜாக்சன் பாடும்போது கால் தட்டுவார், விரல் சொடுக்குவார். ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் அவரை மரப்பலகை மேடையில் நிற்கவைத்து அந்தச் சத்தத்தையும் சேர்த்தே பிடித்தார். நம் ஆட்களாக இருந்தால் "அசையாம நில்லுங்க சார்" என்றிருப்போம்!

அதற்காக, பயிற்சி இல்லாமல் வந்து நின்று "ஃபீலிங்கோட பாடினேன்" என்பவர்களை நான் ஒத்துக்கொள்வதில்லை. சாகித்யம் மனப்பாடம் ஆகாதவருக்குக் கண் காகிதத்தில் இருக்கும், பாவம் எங்கிருந்து வரும்? வரி முடிவில் நீண்டு நிற்கிற ஸ்வரம் இறங்கினால் திருப்பிப் பாடத்தான் வேண்டும். காது அங்கேதான் போய் உட்காருகிறது. ஓடுகிற சொல்லில் மயிரிழை விலகினால் விட்டுவிடுவேன்.

சுருதி நழுவுவதற்குப் பல சமயம் காரணம் நாங்கள்தான். ஹெட்போனில் வாத்தியங்களை அலறவிட்டால் பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது, கத்துவார். ஒரு காதை மட்டும் திறந்துவிடச் சொன்னால் பாதி சரியாகும். மைக்குக்கு ஒரு சாண் தூரம், 'ப' வரும் இடத்தில் காற்று அறையாமலிருக்க நடுவில் ஒரு துணி வலை. இதெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வந்தவரை அரை மணி நேரம் "ஹலோ, ஹலோ" சொல்ல வைத்தால் முதல் தடவைப் பாட்டின் உயிர் அந்த ஹலோவிலேயே போய்விடும்.

1997-ல் ஆட்டோ டியூன் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டெபிராண்ட், எண்ணெய் தேடுவதற்காகப் பூமிக்குள் அனுப்பும் அதிர்வுகளை ஆராய்ந்தவர். (நம்ம பாடம் இங்கே வந்துவிட்டது, பாருங்கள்.) நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தோடி ராகத்துக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ஊஞ்சலாடும். 12 கட்டத்துக்குள் தள்ளுகிற கருவியிடம் அதைக் கொடுத்தால் கமகம் படிக்கட்டாகிவிடும். ஆகவே நான் முதலில் கம்ப்யூட்டர் திரையை அணைத்துவிட்டுக் கேட்பேன். காதில் உறுத்தினால்தான் திருத்தம். திரையில் கோணலாகத் தெரிகிறதே என்பதற்காகத் தொடுவதில்லை.

காலையில் உங்கள் கலை நிகழ்ச்சி ஒத்திகையை எட்டிப் பார்த்தேன். ஒரு தங்கை அருமையாகப் பாடிக்கொண்டிருந்தது. பதிவு பண்ணுகிற தம்பி மெஷினை ஆன் பண்ணவே இல்லை. "இது ரிகர்சல்தானே சார்" என்றார். இப்போதுதான் டேப் செலவு கிடையாதே, போட்டு வைப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோ, கடைசி வரிசையில் நின்று கை காட்டுகிறார். போட்டுட்டியாப்பா? சரி.