சட்டமன்றத்தில் எழுதுகோல் பிடித்தவன்



ஆலய விழாவில் சட்டமன்றப் பேச்சு எதற்கு என்பீர்கள். நம் மலேசிய அரசியலமைப்பின் 9-ஆம் அட்டவணைப்படி நிலம் மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே ஆலயம் நிற்கும் மண்ணைப் பற்றிய கேள்வி மாநிலச் சட்டமன்றத்துக்குத்தான் வர வேண்டும். பினாங்கில் 40 உறுப்பினர்கள், சிலாங்கூரில் 56 பேர். அவர்கள் படம் பத்திரிகையில் வரும். எங்கள் படம் வராது.

நான் ஒரு மாநிலச் சட்டமன்றச் செயலகத்தில் எழுத்தராக இருந்தவன். உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதித்தரும் கேள்விகளை விதிகளோடு ஒப்பிட்டு உரிய இலாகாவுக்கு அனுப்புவோம். சபையில் பேசியதை ஒலிநாடாவில் கேட்டு ஹன்சார்ட் ஏட்டில் எழுதுவோம். ஓர் இரவு, ஆலய நிலம் பற்றிய பதிலில் ‘தற்காலிகமாக’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். சரிபார்த்த அம்மையார் நாடாவைத் திரும்ப ஓடவிட்டுக் காட்டினார். அவர் கவனிக்காதிருந்தால், நிலம் நிரந்தரமாகக் கிடைத்ததென்று நம்பி ஆலயத்தார் உங்கள் காசில் கோபுரமே எழுப்பியிருப்பார்கள். அன்று எனக்கு வியர்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

பார்வையாளர் மாடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். சபை நடைமுறையை விளக்கிச் சொல்வோம். நம் ஆலய நிர்வாகிகளை அங்கே பார்த்தது அபூர்வம். அடுத்த கூட்டத்தொடருக்கு வாருங்கள். அதற்குப் பல வாரம் முன்பே நிலக் கடிதங்களின் நகலை உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுத்துவிடுங்கள். சபை கூடிய பிறகு கொண்டு வந்தால், கேள்வி கொடுக்கும் கெடு முடிந்திருக்கும்.