எடிட்டிங் மேசையிலிருந்து காட்சிக்கூடத்துக்கு: ஹாருன் ஃபரோக்கியின் கலைப்பயணம்



திரைப்படத்துக்கும் காண்பியல் கலைக்கும் உள்ள உறவை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கப் பொருத்தமான பெயர் ஒன்று உண்டு: ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் படமெடுத்தவர், வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் அருங்காட்சியகங்களுக்காக வீடியோ நிறுவல்கள் செய்தார். சினிமாவை விட்டுக் கலைக்கூடத்துக்குப் போய்விட்டவர் என்று அவரைச் சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது அவருடைய பணிக்கு நியாயம் செய்யாது. பூட்டிய அறைக்குள் இயக்குநரும் எடிட்டரும் மட்டும் செய்துவந்த வேலையில் பார்வையாளருக்கும் பங்கு கொடுத்தவர் ஃபரோக்கி. இவ்வுரை நிறுவ விரும்புவது அதைத்தான்.

அவர் 1944 ஜனவரியில் பிறந்தார். பிறந்த ஊரான நோவி யிச்சீன் இன்று செக் குடியரசில் இருக்கிறது. அன்று ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்தது. தந்தை இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த மருத்துவர், தாய் ஜெர்மானியர். இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி கழிந்தது. 1966-இல் பெர்லினில் திரைப்படக் கல்லூரி தொடங்கியபோது முதல் அணி மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார். அரசியல் போராட்டங்களில் ஈடுபட்டதற்காக 1968-இல் வெளியேற்றப்பட்டார்.

அடுத்த ஆண்டே வந்தது, வியட்நாமில் வீசப்பட்ட நேபாம் குண்டுகளைப் பற்றிய 'அணைக்க முடியாத நெருப்பு' என்ற படம். கோட்டு அணிந்து மேசையருகே அமர்ந்த ஃபரோக்கி, நேபாமில் வெந்த ஒருவரின் சாட்சியத்தை வாசிக்கிறார். வெந்த உடல்களைக் காட்டினால் பார்ப்பவர் முதலில் படத்துக்குக் கண்ணை மூடுவார், பிறகு அதன் நினைவுக்கும் உண்மைகளுக்கும் சேர்த்து மூடிவிடுவார் என்கிறார். பின்னர் எரியும் சிகரெட் ஒன்றை எடுத்துத் தன் முன்கையில் அழுத்தி அணைக்கிறார். சிகரெட்டின் சூடு 400 டிகிரி, நேபாமின் சூடு 3000 டிகிரி என்று ஒரு குரல் சொல்கிறது. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்கச் செய்யும் அவருடைய முறை அந்தக் கணத்திலேயே முழுமையாக இருக்கிறது.

1988-இல் வந்த 'உலகின் படங்களும் போரின் பொறிப்பும்' இந்த முறையை இன்னும் ஆழமாக்கியது. 1944 ஏப்ரல் 4 அன்று அமெரிக்க விமானம் ஒன்று போலந்தில் இருந்த தொழிற்சாலை ஒன்றை வானிலிருந்து படமெடுத்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமும் அதில் பதிவானது. ஆலைகளைத் தேடுவதற்காக அமர்த்தப்பட்டவர்கள் ஆலைகளை மட்டுமே கண்டார்கள். 1977-இல் சி.ஐ.ஏ. ஊழியர் இருவர் அந்தப் பழைய படங்களை மறுபடி புரட்டியபோதுதான் முகாம் கண்ணில் பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கோப்பில் கிடந்தும் யாராலும் காணப்படாத புகைப்படத்தை மையமாக வைத்து, பார்ப்பது என்றால் என்ன என்று ஃபரோக்கியின் திரைப்படம் விசாரிக்கிறது.

திருப்பம் 1995-இல் வந்தது. வடபிரான்சின் லீல் நகரையொட்டிய நவீன கலை அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில் 'ஷ்நிட்ஷ்டெல்லே' என்ற நிறுவலைச் செய்தார். அதன் களம் அவருடைய சொந்த எடிட்டிங் அறை. ஃபிலிமை வெட்டும்போது ஓடும் சுருளின் மேல் விரல்நுனியை வைத்திருப்பார். ஒட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். வீடியோவில் அந்தத் தொடுகை போய்விட்டது. அதற்குப் பதிலாக இரண்டு மானிட்டர்கள் வந்தன: ஒன்றில் தொகுத்து முடித்தது, மற்றொன்றில் அடுத்துச் சேர்க்க வேண்டியது. ஃபரோக்கி இந்த இரண்டையும் அப்படியே பார்வையாளர் முன் வைத்தார். ஒரு ஷாட் முந்தைய ஷாட்டைத் துரத்திவிட்டு வராமல், பக்கத்தில் நின்று அதோடு பேசும் இந்த உத்திக்கு 'மென்மையான மோன்டாஜ்' என்று பெயரிட்டார்.

இதன் பலனை அறிய ஒரே பொருளின் இரண்டு வடிவங்களை ஒப்பிட்டால் போதும். 1895-இல் லூமியர் சகோதரர்கள் லியோனில் தங்கள் ஆலைவாசலைப் படமெடுத்தார்கள். முக்கால் நிமிடத்தில் தொழிலாளர்கள் வெளியேறிவிடுகிறார்கள். அந்தக் காட்சியின் நூற்றாண்டில், ஆலையை விட்டு வெளியேறும் காட்சிகளைச் சினிமா வரலாறு முழுவதிலிருந்தும் திரட்டி, வருணனைக் குரலோடு ஒரு படம் தொகுத்தார் ஃபரோக்கி. 2006-இல் அதே பொருளைப் பன்னிரண்டு மானிட்டர்களில் வரிசையாக வைத்தார். லூமியர், 'மெட்ரோபோலிஸ்', சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. படத்தில் ஃபரோக்கியின் குரல் ஒப்பிட்டது. நிறுவலில் ஒப்பிடும் பொறுப்பு வரிசைமுன் நடந்து செல்பவருடையது.

போரையும் கண்காணிப்பையும் பற்றிய நிறுவல்கள் இவ்வழியில் விளைந்தவை. 'கண்/இயந்திரம்' (2000-2003) வளைகுடாப் போரில் ஏவுகணை முனையில் இருந்த கேமரா அனுப்பிய படங்களிலிருந்து புறப்படுகிறது. யாரும் ரசிப்பதற்காக எடுக்கப்படாத, ஒரு செயலின் உறுப்பாகவே இயங்கும் இத்தகைய பிம்பங்களைச் 'செயல்பாட்டுப் பிம்பங்கள்' என்று அவர் வகைப்படுத்தினார். முகமறியும் கேமராக்களும் ட்ரோன்களும் பெருகிவிட்ட இன்று ஆய்வுலகம் அந்தக் கருத்தை ஊன்றிப் பயன்படுத்துகிறது.

'சீரியஸ் கேம்ஸ்' (2009-2010) அமெரிக்கப் படையில் கணினி விளையாட்டு மென்பொருள் பயன்படும் இரண்டு இடங்களைக் காட்டுகிறது. போருக்குப் போகும் முன் வீரர்கள் அதில் பயிற்சி பெறுகிறார்கள். மனம் சிதைந்து திரும்பியவர்களுக்கு அதே மாதிரியான காட்சிகளைக் கொண்டு சிகிச்சை தருகிறார்கள். ஃபரோக்கி ஒரு சிறு வேறுபாட்டைக் கவனிக்கிறார்: பயிற்சிக்கான காட்சியில் பொருள்களுக்கு நிழல் விழுகிறது, சிகிச்சைக்கான மலிவுப் பதிப்பில் நிழலே இல்லை. போருக்கு அனுப்புவதற்கு ஒதுக்கிய செலவும், திரும்பியவரைத் தேற்ற ஒதுக்கிய செலவும் அந்த நிழலில் தெரிந்துவிடுகின்றன. எடிட்டரின் கண் என்பது இதுதான்.

திரையிலிருந்து கலைக்கூடத்துக்கு அவர் இடம்பெயர்ந்ததற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. அவருடைய படங்களுக்குப் பணம் தந்துவந்த ஜெர்மன் தொலைக்காட்சிகள் 1990-களில் இத்தகைய முயற்சிகளுக்கான நேரத்தைக் குறைத்துக்கொண்டன. ஆனாலும் சினிமாவுக்கான வாசலை அவர் அடைக்கவில்லை. செங்கல் தயாரிப்பைப் பற்றி இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த காட்சிகளை 2007-இல் இரண்டு 16 மி.மீ. புரொஜெக்டர்கள் கொண்ட நிறுவலாக்கினார். 2009-இல் ஒரே திரைக்கான முழுநீளப் படமாகவும் தொகுத்தார். 2011-இல் கலைஞர் ஆன்ட்யே ஏமானுடன் தொடங்கிய திட்டத்தில், பெங்களூரு உள்ளிட்ட 15 நகரங்களில் பட்டறைகள் நடந்தன. உழைப்பை ஒன்றிரண்டு நிமிடங்களில், வெட்டே இல்லாத ஒரே ஷாட்டில் எடுக்க வேண்டும் என்பது விதி. லூமியரின் ஆலைவாசலுக்கு மீண்டும் போன முயற்சி அது. 2014 ஜூலையில் அவர் மறைந்தார்.

இந்தக் கருத்தரங்கின் அமர்வுகள் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ள வேண்டும். திரையரங்கில் கடைசிவரை அமர்ந்திருப்பவர் கலைக்கூடத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு நகர்கிறார். நீண்ட வாதத்தை இழக்காமல் அவருக்கு எப்படிச் சொல்வது? பழைய மானிட்டர்களும் டேப்புகளும் மறையும் காலத்தில் இப்படைப்புகளை எந்த வடிவில் பாதுகாப்பது? நம் திரைப்படக் கல்லூரிகளின் எடிட்டிங் வகுப்பில் இவற்றுக்கு இடம் தருவது எவ்வாறு? ஆலைவாசல் காட்சிகளின் 1995 வடிவத்தையும் 2006 வடிவத்தையும் அருகருகே வைத்து முதல் அமர்வு விவாதத்தைத் தொடங்கட்டும் என்ற வேண்டுகோளோடு இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.